ஐந்து வளையம், ஆறு நிறம்

பலகை நல்ல நீல நிறத்தில் பளபளத்தது. அதன் மேல் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இருந்தன. மைதானத்து வாசலில் அதை நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். எதிரே இடுப்பில் கை வைத்தபடி விளையாட்டு விழாச் செயலாளர் ராகவன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான்.

"வசந்தாம்மா, ஒலிம்பிக் சின்னத்துக்கு எத்தனை வளையம்?"

"அஞ்சு சார்."

"எண்ணுங்க."

எண்ணினேன். இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் நான்குதான் வந்தது.

"அது எப்படிம்மா, எங்க ஆபீஸ் வளையம் மட்டும் காணாமப் போச்சு?"

காணாமல் போகவில்லை. கிட்டே போய்ச் சாய்ந்து பார்த்தால் தூரிகை ஓடிய தடம் வட்டமாகத் தெரிந்தது. நீலப் பலகையில் நீல வளையம். அவ்வளவு அழகாக, ஒரு பிசிறு இல்லாமல் போட்டிருந்தார் பெயிண்டர். கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "நெய்வேலியில் நீங்கள் கை வைத்த காரியம் எதுவுமே தப்பாகப் போனதில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. இருக்கட்டும். அவருக்காகத்தான் இந்தப் பலகையிலிருந்து தொடங்குகிறேன்.

கோடு போடும் உத்தியோகம்

நான் அப்போது நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் டிரேசர். என்ஜினியர்கள் பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, கறுப்பு மையால் கோட்டுக்குக் கோடு படி எடுக்க வேண்டும். துணி கஞ்சி ஏறி மொடமொடவென்று இருக்கும். சாக்பீஸ் தூளைத் தூவித் துடைத்தால்தான் மை பிடிக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது முழங்கை வரை வெள்ளையாக இருப்பேன். காய்கறிக்காரர் கூட என்னை டீச்சர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

என் கை நடுங்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் பல்சக்கரங்கள் வந்தால், "அதை வசந்தாகிட்ட குடுங்க" என்பார்கள்.

அந்தத் துணியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மை கொட்டிக் கெட்டுப்போன துண்டுகளை நாங்கள் எறிவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் கஞ்சியெல்லாம் கழன்று, மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை வெளேரென்று மெல்லிய துணி கிடைக்கும். கைக்குட்டை தைப்போம். எங்கள் பிளாக்கில் பிறந்த குழந்தைகளில் பலர் சுரங்க இயந்திரங்களின் வரைபடத்தைச் சட்டையாகப் போட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கே இது தெரியாது.

படி எடுத்த துணியை வைத்து ப்ளூ பிரிண்ட் போடுவார்கள். கோடெல்லாம் வெள்ளையாக விழும், மிச்சமெல்லாம் நீலமாகிவிடும். வேலைத் தளத்துக்குப் போவது அந்த நீலத் தாள்தான். அதில் இருப்பதை யாரும் இம்மியளவும் மாற்றக் கூடாது. சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்க வேண்டும். தானாக மாற்றியவனுக்கு மெமோ நிச்சயம். ஆபீசில் நாங்கள் சாமிக்கு அடுத்தபடி பயந்தது மெமோவுக்குத்தான்.

அட்டையை மட்டும் பார்த்தவள்

அறுபத்து நான்கில் டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து ஒன்றோ இரண்டோ பொங்கல் கழிந்திருக்கும். டவுன்ஷிப் விளையாட்டு விழாவை இந்தத் தடவை தடபுடலாக நடத்த வேண்டும் என்று குழுவில் முடிவானது. குழுவில் நானும் இருந்தேன். பெண்களுக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டுமே என்று கொடுத்த இடம் அது. கொடுத்தவர்கள் பிறகு வருத்தப்பட்டார்கள்.

"வாசல்ல அந்த ஒலிம்பிக் வளையத்தைப் பெரிசா வைக்கணும்" என்றார் ராகவன். அவர் டவுன்ஷிப் ஆபீஸ்காரர். பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்து வைத்திருந்தார். படம் கறுப்பு வெள்ளை. எந்த வளையம் எந்த நிறம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் ஊதா என்றார். இன்னொருவர் ஆரஞ்சு இல்லாமல் இருக்காது என்று சத்தியம் செய்தார்.

சுரங்க இயந்திரங்களோடு கூடவே வந்திருந்த ஜெர்மன் என்ஜினியர் ஒருவர் அடிக்கடி எங்கள் ஆபீசுக்கு வருவார். பெயர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவர் ஜெர்மன்சார். அவரிடம் கேட்டேன். மறுநாள் ஓர் ஆங்கிலச் சிற்றேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் வளையங்கள் கலரில் இருந்தன. மேலே நீலம், கறுப்பு, சிவப்பு. கீழே மஞ்சள், பச்சை.

பூதக்கண்ணாடி வைத்து, எது எதற்கு மேலே ஏறுகிறது, எங்கே கீழே நுழைகிறது என்று பார்த்துப் பார்த்துப் பெரிதாக வரைந்தேன். ஒவ்வொரு வளையத்திலும் அதன் நிறத்தை எழுதினேன். மூலையில் கையெழுத்துப் போட்டு ப்ளூ பிரிண்டுக்கு அனுப்பினேன். சிற்றேட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. எனக்கு வேண்டியது நிறம். அது அட்டையிலேயே கிடைத்துவிட்டதே.

அந்த வாரக் கூட்டத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. எழுந்து நின்று சொன்னேன்.

"நம்மகிட்டயும் அஞ்சு பிரிவு இருக்கு. ஆளுக்கு ஒரு வளையம் குடுத்துடலாம். மைன்ஸுக்குக் கறுப்பு. தெர்மலுக்குச் சிவப்பு. உரத் தொழிற்சாலைக்குப் பச்சை. பிரிக்கெட்டுக்கு மஞ்சள். டவுன்ஷிப் ஆபீஸுக்கு நீலம். அந்தந்த நிறத்துல பனியன். அதிகப் பாயிண்ட் வாங்கற வளையத்துக்கு ஷீல்டு."

பிரிக்கெட் என்றால் நிலக்கரியைக் கட்டியாக்கும் ஆலை. உரத் தொழிற்சாலை அப்போது பாதிதான் எழும்பியிருந்தது. ஆனாலும் கை தட்டினார்கள். போண்டாவோடு யோசனையும் நிறைவேறியது. தெர்மல் மின் நிலையத்தில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அன்று வீட்டுக்கு வரும்போதே, "நாங்க சிவப்பாமே" என்று சிரித்துக்கொண்டு வந்தார். பந்தய முடிவு எழுதும் மேசை அவர் பொறுப்பில் இருந்தது. அந்த முடிவுத் தாளுக்கு ஐந்து கட்டம் போட்டுக் கோடு கிழித்துக் கொடுத்ததும் நான்தான்.

"எந்த வளையம்னு கேக்கறாங்க"

பலகை வாசலில் ஏறுவதற்கு முதல் நாள் ஏழுமலை என் ஜன்னலுக்கு வந்தார்.

ஏழுமலைக்குக் கம்மாபுரம் பக்கம். சர்வே ஆட்களோடு சங்கிலியும் அளவுக் கோலும் தூக்கிக்கொண்டு நடக்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி. சுரங்கத்தின் இந்த முனையில் ஒருவர் கை காட்டினால், கொடியை நடுவதற்கு அந்த முனைக்கு ஓடுவார். மற்றவர்கள் நடப்பார்கள், இவர் ஓடுவார். முந்தைய வருஷம் ஐந்து மைல் ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடி மூன்றாவதாக வந்தவர். அளவுப் புத்தகங்களை எங்கள் ஆபீசில் கொடுக்க வருவதால் எனக்குப் பழக்கம்.

"அம்மா, அஞ்சு மைலுக்குப் பேரு குடுக்கப் போனேங்க. எந்த வளையம்னு கேக்கறாங்க."

"சர்வேன்னா மைன்ஸ்தானே. கறுப்புன்னு சொல்லுங்க."

"சொன்னேங்க. அதெல்லாம் பர்மனென்ட் ஆளுங்களுக்குன்னுட்டாங்க. கான்ட்ராக்ட்டுக்கு வளையம் கெடையாதாம்."

"போன வருஷம் ஓடுனீங்களே ஏழுமலை?"

"போன வருஷம் வளையமே இல்லீங்களேம்மா."

அவர் குத்திக் காட்டவில்லை. அந்த யோசனை யாருடையது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்குத்தான் சுருக்கென்றது. முந்தைய வருஷம் பெயர் கொடுத்தவரெல்லாம் ஓடினார்கள். நான் ஐந்து வட்டம் போட்டேன், இவர் வெளியே போய்விட்டார்.

"நான் மட்டும் இல்லீங்க. எங்க ஆளுங்க ஆறு பேரு. தெனம் விடியறப்ப ஓடிகினு இருக்கறம். அந்த கிரவுண்டு எங்க கொல்லைங்க. மல்லாட்டை போடுவோம். அதுல ஓடறதுக்கு எந்த வளையம்னு கேட்டா நான் இன்னாங்க சொல்றது?"

கொல்லை என்றால் அந்தப் பக்கத்தில் புன்செய் நிலம். மல்லாட்டை, நிலக்கடலை. டவுன்ஷிப் வருவதற்கு முன்னால் அந்த மைதானம் அவர்கள் குடும்பத்து நிலக்கடலைக் காடு.

"நான் பார்க்கறேன்" என்றேன். எப்படிப் பார்ப்பது என்று தெரியாமலேதான் சொன்னேன். அன்று ராத்திரி கணவரிடம் சொன்னபோது, "எல்லாம் முடிவாயிடுச்சே வசந்தா. இப்பப் போயி மாத்தினா உன் யோசனையை நீயே தப்புன்னு சொல்ற மாதிரி ஆகும்" என்றார். அவர் சொன்னது சரி. அதனால்தான் கோபம் வந்தது.

பாய் சொன்ன நியாயம்

மறுநாள் காலையில்தான் நான்கு வளையப் பலகை.

ராகவன் பெயிண்டரைக் கூப்பிட்டனுப்பினார். மஸ்தான் பாய் மந்தாரக்குப்பத்தில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். எங்கள் ப்ளூ பிரிண்டைக் கையில் வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"பாய், பலகைக்கு ஏன் நீலம் அடிச்சீங்க?"

பாய் மடியிலிருந்து தாளை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "பாருங்க சார். தாளு பூரா நீலம். வளையத்துக்கு மட்டும் கலர் எழுதியிருக்கு. மத்ததுக்கு எழுதல. இருக்கறபடியே அடிச்சேன்."

"நீலத்து மேல நீலம் போட்டா தெரியாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் சார். டிராயிங்ல எதையும் மாத்தாத, மாத்தினா பெரிய வம்புன்னு ஸ்டோர்ல சொல்லித்தான் குடுத்தாங்க. கீழ அம்மா கையெழுத்து வேற இருந்துச்சு."

ப்ளூ பிரிண்டில் நீலம் என்பது ஒரு நிறமே இல்லை என்று எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பின்னணி வெள்ளை என்று ஒரு வரி எழுதாமல் விட்டது நான். அதையும் அங்கேயே ஒப்புக்கொண்டேன். ஒரே வாரத்தில் இரண்டு தப்பு. இரண்டும் என் கையெழுத்தோடு.

பாய் உடனே வெள்ளை அடிக்க உட்கார்ந்துவிட்டார். நான் ஆபீசுக்குத் திரும்பி, இழுப்பறையைத் திறந்து, சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சிற்றேட்டை முதல் முறையாகப் படித்தேன்.

தயிர்சாதம் ஆறிப்போனது.

எந்த வளையத்தையும் எந்தக் கண்டத்துக்கும் யாரும் சொந்தமாகப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஐந்து கண்டத்து மனிதர்களும் ஒரே மைதானத்தில் கூடுகிறார்கள் என்பதற்குத்தான் ஐந்தும் கோத்திருக்கின்றன. சின்னத்துக்கு நிறம் ஐந்து இல்லை, ஆறு. பின்னால் இருக்கிற வெள்ளையும் கணக்கில் சேர்த்தி. அந்தச் சின்னம் பிறந்த காலத்தில் எந்த நாட்டுக் கொடியை எடுத்தாலும் அதன் நிறங்கள் இந்த ஆறுக்குள் அடங்கிவிடுமாம். ஒருவரும் வெளியே நிற்கக் கூடாது என்று யோசித்துச் செய்த சின்னம். அதை வைத்து நான் ஆறு பேரை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

மூன்று கோட்டு

விழாவுக்கு முதல் நாள் பலகை தயாராகிவிட்டது. வெள்ளையில் ஐந்து வளையமும் கண்ணைப் பறித்தன. ராகவன் தன் நீலத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். அவர் பூரிப்பு அடங்குவதற்குள் நான் சிற்றேட்டை நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். யோசனை என்னுடையது, தப்பும் என்னுடையது, கான்ட்ராக்ட் ஆட்கள் வெள்ளையாக ஓடட்டும் என்றேன்.

"வெள்ளை வெறும் பலகைம்மா. அது எப்படி ஒரு டீமாகும்?"

ஏணியில் நின்று ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த மஸ்தான் பாய் திரும்பினார். "வெறும் பலகை இல்ல சார். மூணு கோட்டு பெயிண்டு அடிச்சிருக்கேன். உங்க நீலத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான்."

ராகவன் அவரை முறைத்தார். நான் விடவில்லை.

"சார், முந்தாநாள் இதே இடத்துல நின்னு எங்க வளையம் எங்கன்னு கேட்டீங்க. வெள்ளை இல்லாததாலதான் உங்க வளையம் தெரியலை. இன்னைக்கு அதையே வெறும் பலகைங்கறீங்க."

அவர் பலகையைப் பார்த்தார். சிற்றேட்டைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், சட்டம் பேசியே பழகிப்போனவர். "பனியன் என்கிட்ட கிடையாது" என்றார் கடைசியில். "நம்பரும் கிடையாது. அஞ்சு நிறத்துக்குத்தான் தைச்சிருக்கு."

"அது என் பாடு சார்."

வீட்டில் ஊறவைத்துத் துவைத்து வைத்திருந்த டிரேசிங் துணியை ஆறு சதுரமாக வெட்டினேன். ஒவ்வொன்றிலும் டிராயிங் ஆபீஸ் மையால் நம்பர் எழுதினேன். அந்த மை தண்ணீருக்குக் கரையாது. சாயங்காலம் ஏழுமலை வந்து வாங்கிக்கொண்டார். துணியைத் தடவிப் பார்த்தார்.

"எங்களுக்கு இன்னா நெறங்க?"

"வெள்ளை."

"வெள்ளை பனியன்தாங்க எல்லார் வூட்லயும் இருக்குது" என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

சிவப்பு எழுதிய கை

விழாவன்று விடியற்காலையில் பருவம் தப்பி ஒரு மழை. நெய்வேலியின் செம்மண் மழை பட்டால் சாந்துதான். ஐந்து மைல் ஓட்டம் கடைசியில் இருந்தது. பல நிறத்துப் பனியன்களுக்கு நடுவில் ஆறு வெள்ளை நின்றன. இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றுக்கு மேல் யார் என்ன நிறம் என்றே தெரியவில்லை. முன்னால் ஓடுகிறவர் காலிலிருந்து தெறிக்கும் சேறெல்லாம் பின்னால் வருகிறவர் நெஞ்சில். கறுப்புக்காரர் ஒருவர் முதலில் வந்தார். அவர் பின்னாலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஏழுமலை. தலை முதல் கால் வரை செம்மண்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முடிவு மேசைக்குப் போனபோது என் கணவர் எழுதி முடித்திருந்தார். முதலாவது, கறுப்பு. இரண்டாவது, சிவப்பு. அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது. அந்தப் பாயிண்ட் சேர்ந்தால் ஷீல்டு தெர்மலுக்கு.

நான் வாய் திறப்பதற்குள் ஏழுமலையே வந்துவிட்டார். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, அது சேப்பு இல்லீங்க. எங்க கொல்லை மண்ணுங்க."

நெஞ்சில் ஊக்குக் குத்தியிருந்த துணியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் வெள்ளை. அதில் நம்பர் இடவலம் மாறி மங்கலாகத் தெரிந்தது.

என் கணவர் துணியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிதான். ஆனா வெள்ளைக்குக் கட்டம் எங்க இருக்கு வசந்தா? அஞ்சுதானே போட்டிருக்க."

செயலாளரோடு சண்டை போட்டவள் நான். சிற்றேட்டைப் படித்துக் காட்டியவள் நான். துணி வெட்டி, நம்பர் எழுதி, எல்லாம் செய்தேன். தாளில் ஆறாவது கட்டம் போட மறந்திருந்தேன். மனதுக்குள் இன்னும் ஐந்தாகவே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இன்று எழுதும்போதும் இருக்கிறது.

பேனாவை வாங்கினேன். மேசையில் ஸ்கேல் இல்லை. தேடிக்கொண்டு நிற்கவும் மனமில்லை. தாளின் வலது ஓரத்தில் கையாலேயே மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். பல்சக்கரம் போடுகிற கைதான். கோடு கோணல்.

சிவப்புக் கட்டத்தில் எழுதியதை என் கணவர் அடித்தார். ஷீல்டைத்தான் அடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, புதுக் கட்டத்தின் தலையில் வெள்ளை என்றும், அதன் கீழே ஏழுமலை, இரண்டாவது என்றும் எழுதினார்.

ஏழுமலை மண் படிந்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தாள் மேல் படாமல் குனிந்து பார்த்தார். மை காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். காய்ந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கப் போனார்.